கண்ணளவுக்காரி பிரித்த தையல்

டேப் இல்லாமலே ஆளைப் பார்த்து அளவு சொல்லிவிடுவாள் என்பதால் அந்தத் தையல்காரிக்குக் ‘கண்ணளவு’ என்றே பெயர் விழுந்திருந்தது. துணிகளைப் பிரித்துத் திருத்தித் தரும் சின்னக் கடையில் பதினெட்டு வருஷம். ஒரு தடவைகூடக் கண் பிசகியதில்லை.

இன்று பிசகிவிட்டது. அதுவும் யாருக்கு? உயிருக்கு உயிரான தோழிக்கு!

கல்யாண உடைக் கடையில் பாதி விலைத் தள்ளுபடி, பகல் ஒரு மணி வரைதான். கூட்டத்தில் முண்டியடித்து அந்தப் பால்வெள்ளைக் கவுனை உருவிக்கொண்டு வந்தவளே கண்ணளவுதான். “உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் போடுடி” என்றாள். இப்போது, திரும்பினால் முழங்கை இடிக்கிற உடைமாற்றும் அறையில், தோழியின் முதுகில் ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது.

“மூச்சை உள்ள இழு.”

“இதுக்கு மேல இழுத்தா கல்யாண வீடு இழவு வீடாயிடும்.”

கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பெண்ணின் தாய். “சேரலைன்னா குடுத்துடுங்கம்மா. எம் பொண்ணு ஒல்லி, அவளுக்குக் கச்சிதமா இருக்கும்.”

தோழியின் முகம் சுருங்கிப்போனது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஊரார் துணியை வெளுத்தே தேய்ந்த கைகள் அவளுடையவை. நாலு அக்காக்களுக்குப் பின் பிறந்தவள். அவர்கள் போட்டுக் கழித்ததுதான் அவளுக்குப் புதுத்துணி. முப்பத்தொன்பது வயதில் ஒரு பஸ் டிரைவர் மனசு வைத்து, அடுத்த வாரம் கல்யாணம். அன்று ஒரு நாளாவது தனக்கென்று வாங்கிய துணியை உடுத்த வேண்டும். அவள் ஆசைப்பட்டதே அவ்வளவுதான். பெரியக்காவோ தன் பழைய கவுனை அயர்ன் பண்ணி மாட்டியே வைத்துவிட்டாள்.

“குடுத்துடுடி. பெரியக்கா கவுனே போதும். எனக்கு விதிச்சது அதுதான்.”

கண்ணளவு பக்கத் தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே தடிப்பாக ஏதோ இருந்தது. மிச்சத் துணியா, வெறும் லைனிங் மடிப்பா? பிரித்தால்தான் தெரியும். பிரித்துத் துணி இல்லாவிட்டால்? பில்கூடப் போடாத கவுன்!

கைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள்.

“என்னடி பண்ற! இது இன்னும் நம்மளது இல்லடி!”

“ஆடாம நில்லு. குத்திடும்.”

இடப்பக்கம் பிரிந்தது. வெறும் லைனிங். வலப்பக்கத்துக்குக் கொக்கியைக் கொண்டுபோனாள். ஒரு கண்ணி, இரண்டு, மூன்று...

யாரோ ஒரு தையல்காரர் அவசரத்தில் வெட்டாமல் மடித்துத் தைத்துவிட்டிருந்தார். இரண்டு விரல் அகலத் துணி! முகம் தெரியாத அந்தச் சோம்பேறிக்குக் கோடிப் புண்ணியம்.

அதற்குள் கதவு திறந்தது. மேற்பார்வையாளர், பின்னால் அந்தத் தாய். “அய்யய்யோ, கிழிச்சே போட்டுட்டாங்க!” என்று தாய் மகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?”

“பணம் கட்டத்தான் போறோம் சார். பத்து நிமிஷம் குடுங்க.”

“ஒரு மணி அடிச்சா முழு விலை. அதையும் சொல்லிட்டேன்” என்று கதவைச் சாத்தினார் அவர்.

கண்ணளவு தரையில் மண்டியிட்டுக் கைத்தையல் போட்டாள். தோழி அசையாமல் நின்றாள்.

“ஊருக்கெல்லாம் சரியாச் சொல்ற. எனக்கு மட்டும் எப்படிடி தப்பாப் போச்சு?”

கண்ணளவு நூலைப் பல்லால் கடித்தாள். “பள்ளிக்கூட பெஞ்சுல பக்கத்துல உட்கார்ந்தப்ப பார்த்த அளவுடி அது. அப்புறம் உன்னை அளந்து பார்க்கத் தோணவே இல்ல.”

தோழியின் கண்ணீர் ஒன்று கண்ணளவின் தலையில் விழுந்தது. “அழாத. கவுன்ல பட்டா கறை.”

ஜிப் மெல்ல ஏறியது. கழுத்துவரை ஏறியது. மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு. கழற்ற நேரமில்லை, கவுனோடே இருவரும் பில் மேசைக்கு ஓடினார்கள். விலைச்சீட்டு அக்குளுக்குக் கீழே தொங்கியது.

“கையைத் தூக்குங்க” என்றாள் பில் போடும் பெண்.

தோழி தூக்கினாள். கண்ணளவு மூச்சைப் பிடித்துக்கொண்டு தையலையே பார்த்தாள். இழுபட்டது... ஆனால் விடவில்லை. மெஷின் ‘பீப்’ என்றது.

தோழி தூக்கிய கையை இறக்கவே இல்லை. “இப்ப என்னோடதாடி?” என்றாள்.