பக்கத்து வீட்டுப் படை

லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி அம்மா ஒன்றுதான் சொல்வார்: பக்கத்து வீட்டில் தும்மினால் நாங்கள் மூக்கைத் துடைக்க வேண்டும். வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதுவும் மெல்லிய சுவர்.

எனக்குப் பத்து வயதாக இருந்த குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு சீனப் பெரியவர் குடிவந்தார். ஒரு தொப்பி, அதற்குக் கீழே ஒரு நீண்ட சாம்பல் நிறக் கோட்டு. அதற்கு மேல் அவரை நாங்கள் பார்த்ததில்லை, கேட்டதுதான் அதிகம். காலை எட்டு மணியானால் தொடங்குவார். ஒரே ஆள்தான், ஆனால் குரல் ஒரு மைதானத்துக்கே போதும். அதட்டுவார், நிறுத்துவார், மறுபடியும் அதட்டுவார். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

அப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஏழு மணிக்கு வந்து படுப்பவர். முதல் அதட்டலிலேயே எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் பென்சில் தேடி அந்த அறைக்குள் போனேன். அவருக்குக் கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, ஆனால் சப்பாத்து இரண்டும் காலில் ஏறியிருந்தன. எங்கள் எல்லாருடைய சப்பாத்தும் வாசல் தட்டில் இருக்க, அவருடையது மட்டும் எப்போதும் கட்டிலடியில், கதவைப் பார்த்தபடி, லேஸ் தளர்த்தி இருக்கும். வேலைக்குப் போவதில் அவருக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கடிதக்காரி நான்தான். பள்ளிக்கூடமோ டொக்டரோ, அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதுவேன். அந்தச் சனிக்கிழமை கவுன்சிலுக்கு ஒரு புகார்.

“ஒவ்வொரு நாளும் எங்களை வெருட்டுறார் எண்டு எழுது.”

“எங்களையோ வெருட்டுறார்?”

“பின்னை ஆரை? அந்தப் பக்கம் அவர் தனிய. இந்தப் பக்கம் நாங்கள். வேறை ஆர் இருக்கினம்?”

அவரை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்றும் எழுதச் சொன்னார். எழுதினேன். முத்திரையும் ஒட்டியாயிற்று. அம்மாதான் கடிதத்தைப் பறித்துக் குளிர்பெட்டிக்கு மேல் வைத்தார்.

“என்ன சொல்லுறார் எண்டு தெரியாமல் ஒரு வயசான மனுசன்ரை குடியிருப்பிலை கை வைக்காதேங்கோ. நாளைக்குத் தம்பி வாறார்தானே. அவருக்குச் சீனம் தெரியும்.”

தம்பி என்றது என் சித்தப்பாவை, அதாவது சித்தியின் கணவரை. மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிக்கூடம் என்பதால் அங்கேயே ஆறு வருடம் படித்தாராம். லண்டனில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சாப்பாட்டுக் கடைகளில் அவர் சீனத்தில் பேசத் தொடங்கினால் சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து பார்ப்பார்கள். எனக்கு அவர் பாதி மந்திரவாதி.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே வந்துவிட்டார். தேநீர் குடித்து முடித்த சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தார். சாட்சிக்காக அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ளும்படி அப்பா என் கையில் கொப்பியைத் தந்தார். எட்டு மணி ஆனது. குரல் எழுந்தது.

“மொத முரசு அடிச்சாச்சு” என்றார் சித்தப்பா. “மூச்சு அடங்குறதுக்குள்ள ஏறிப் போகணுமாம்.”

எழுதினேன்.

“முதுகுக்குப் பின்னாடி ஆறு. திரும்பி ஓட வழி இல்லே.”

எழுதினேன்.

“சட்டி பானையெல்லாம் ஒடைச்சாச்சு, வந்த படகையும் முக்கியாச்சு. இனி ஜெயிச்சாத்தான் சோறு.”

எழுதுவதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன். ரோஜாப் பூப் போட்ட எங்கள் பழைய சுவர்த் தாளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆறு ஓடுகிறது, படகுகள் மூழ்குகின்றன, முரசோடு ஒரு படை நிற்கிறது! இத்தனை நாளும் தெரியாமல் இந்தப் பக்கம் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறேனே.

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. “ஆமியிலை இருந்த ஆள்” என்றார் மெல்ல. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உரத்துச் சொல்வதில்லை. செல், பங்கர், சென்றி என்று ஊர்ச் சண்டையிலிருந்து கூடவந்த சொற்கள் எல்லாம் அப்படித்தான். பெரியவர்கள் வாயில் வந்தாலும், என்னைக் கண்டால் பாதியில் நின்றுவிடும்.

சித்தப்பா சிரித்தார். “ஐயோ அண்ணே, இப்படிப் பேச ஆமி எதுக்கு? பரீட்சைக்கு மொத நாள் படிச்சா, போர்க்களத்துல வந்தா ஈட்டி தீட்டுறேன்னு எங்க டீச்சரு திட்டுவாங்க. பசிச்சா, வயித்துக்குள்ள காலிக் கோட்டைன்னு சொல்லுவோம். சண்டை இல்லாம பேச்சே இல்லே லா அவுங்களுக்கு.”

“எண்டால், இவர் ஆரோடை சண்டை பிடிக்கிறார்?”

சித்தப்பா மறுபடியும் டம்ளரில் காதை வைத்தார். “எல்லாச் சொல்லும் வெளங்குது அண்ணே. யாருக்குன்னுதான் வெளங்கல.”

அப்போது அந்தப் பக்கத்துக் குரல் மாறியது. அதட்டல் போய், குழந்தைக்குச் சொல்வதுபோல் நாலே நாலு சத்தம். ட்சாவ், மூ, ஜியே, பிங்.

“இது ஒரு பழைய கதை” என்றார் சித்தப்பா. “அடிபட்ட படை ஒண்ணு. தூரத்துல மலையைப் பாக்குது. அங்க இருக்கிற புல்லு, மரம், எல்லாமே எதிரிச் சிப்பாயாத் தெரியுதாம். எதைக் கண்டாலும் பயந்தா அப்படிச் சொல்லுவாங்க. புல்லும் மரமும் படையாத் தெரியுது ஒனக்குன்னு.”

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினியிலிருந்து அம்மா வந்து நின்றது அப்போதுதான். முதியோர் இல்லத்து வேலைச் சட்டையைப் போட்டு, பொத்தான் பூட்டிக்கொண்டே வந்தவர், பாதியில் கையை நிறுத்தினார்.

“உங்கடை சீனத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, தம்பி. கீழை கேளுங்கோ.”

கேட்டோம். குரலுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் இருந்தது. டொக். பிறகு ஒரு இழுவை. பிறகு நீண்ட இடைவெளி. டொக்.

“அது நடக்கிறதுக்குப் பிடிக்கிற பிரேம். நாளுக்கு நூறு தரம் கேக்கிறன், எனக்குத் தெரியாதே? ரப்பர் தேஞ்சு போச்சு. வலது கால் இழுபடுது. பாரிசவாதம் வந்த ஆள். மெல்லிய உடம்பு, பொம்பிளை.” அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்தார். “மனுசிக்கு நடை பழக்கிறார். விழுந்திடுவன் எண்டு அவ பயப்பிடுறா.”

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். இனி அது தேவைப்படவில்லை. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டொக், இழுவை. டொக், இழுவை. பெரியவர் மறுபடியும் முரசு என்றார், ஆறு என்றார், சித்தப்பா மெல்லத் தமிழில் சொன்னார். அந்த அறையில் கட்டில் பக்கத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் ஏழு அடி இருக்குமா? அந்த ஏழு அடியை எங்கள் வீடு முழுவதும் சேர்ந்து நடந்தது. கடைசியில், அவர் மனைவி உட்கார, ஒரு கதிரை கிறீச்சிட்டது. பெரியவர் மெல்ல ஏதோ சொன்னார்.

“சேமக்கல மணி அடிச்சாச்சு” என்றார் சித்தப்பா, அவருடைய குரலும் இறங்கியிருந்தது. “படை திரும்பலாம்.”

அப்பா குளிர்பெட்டிக்கு மேலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு, “தம்பி, அந்த நாலு சத்தத்தையும் ஒருக்கால் திருப்பிச் சொல்லும்” என்றார்.

சித்தப்பா சொன்னார்.

“அதுக்கெண்டு ஒரு சொல்லு வைச்சிருக்கினமோ?” என்று கேட்டார் அப்பா. கேட்டுவிட்டு, இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

மறுநாள் அம்மா கடையில் நாலு ரப்பர் மூடி வாங்கிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினார். பெரியவர் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாராம். கோடையில் ஒருநாள் அந்த அம்மையார் வாசல்வரை வந்தார். என் உயரம்கூட இல்லை, பச்சைக் கம்பளிச் சட்டை. படகையும் ஆற்றையும் எதிர்பார்த்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். படை இவ்வளவுதானா?

காலை எட்டு மணிச் சத்தத்துக்கு அப்பா பிறகும் விழித்தார். விழித்து, அந்த அம்மையார் ஜன்னல்வரை போய்ச் சேரும்வரை கேட்டுவிட்டுத் திரும்பப் படுப்பார். சப்பாத்து கட்டிலடியைவிட்டு நகரவில்லை. நவம்பரில் தெருவெங்கும் வாணவேடிக்கை வெடித்த மாலையில், விளக்கை அணைத்துவிட்டு, அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய உதடு அசைந்தது. கதவிடுக்கில் நின்று கேட்டேன். ட்சாவ், மூ, ஜியே, பிங். உச்சரிப்புச் சரியாகவே இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன், என் அப்பா சீனம் படிக்கிறார் என்று.