ரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு டீ

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. இருபத்திரண்டு வருடமாக அங்கே செக்கர். தைத்து முடித்த சட்டை அவள் மேசைக்கு வந்தால் காலர், கை, பொத்தான், உள்தையல் என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். குறை ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டாள். "எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று இன்னொரு தடவை புரட்டுவாள். நல்ல சட்டையையே நம்பாதவள் மனுஷனை நம்புவாளா, சொல்லுங்கள்?

அதிலும் தம்பியை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன், நல்ல வேலைக்காரன். எட்டு மாதத்துக்கு முன் திடீரென்று நாலு நாள் கண்ணை மூடவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க, யாரும் கேட்காமலே, பளீரென்று மஞ்சள் அடித்துவிட்டான். படிக்கட்டோடு நிறுத்தினானா? கைப்பிடி, தண்ணீர்க் குழாய், மாடிவீட்டுக்காரரின் கதவு, கீழே நின்ற ஒரு அப்பாவி சைக்கிள், எல்லாம் மஞ்சள். "உலகத்துக்கே வெளிச்சம் குடுக்கப் போறேன்க்கா" என்றான். அடுத்த மாதம் பார்த்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். குளிக்கவில்லை, வாய் திறக்கவில்லை. ஒருநாள் மட்டும், "நான் இல்லாட்டி உனக்கு நிம்மதிக்கா" என்றான்.

அப்புறம் தொடங்கியது வைத்திய அலைச்சல். தெருமுனை டாக்டர் உடம்பு பலவீனம் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். விளம்பரம் பார்த்துப் போன ஒரு ஆள், மூன்று மாதத்தில் வியாதியை வேரோடு பிடுங்குவதாகச் சொல்லிப் பச்சைப் பொடி கொடுத்தான். அந்தப் பொடியை அவள் தினமும் தம்பிக்குக் கரைத்துக் கொடுத்தாள், அதுதான் வேடிக்கை. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் இவளுக்குச் சந்தேகம் வராது. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர், சுருண்டு கிடந்தவனைப் பார்த்துச் சோகத்துக்கான மாத்திரையை மட்டும் எழுதினார். பத்தே நாளில் தம்பி எழுந்து உட்கார்ந்து பழையபடி உலகத்துக்கு வெளிச்சம் கொடுக்கக் கிளம்பிவிட்டான்.

கடைசியாகத்தான் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா ஒன்றரை மணிநேரம் கேள்வி கேட்டார். படுத்துக் கிடந்த நாட்களைப் பற்றி எல்லாரும் கேட்டிருந்தார்கள். பறந்து திரிந்த நாட்களைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். எத்தனை மணிநேரம் தூங்கினான், எவ்வளவு பேசினான், குடும்பத்தில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டார். வியாதியை விட்டுவிட்டு இந்தம்மா சந்தோஷத்தை எதற்குக் கிளறுகிறார் என்று அக்காவுக்கு உறுத்தியது.

"இதுக்குப் பேரு பைபோலார்" என்றார் டாக்டரம்மா. "மனசு சில நாள் மேல ஏறிடும், சில நாள் அடியில விழுந்திடும். வேரோட பிடுங்குறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா கட்டுக்குள்ள வச்சு, வேலைக்குப் போயி, நல்லா வாழலாம். ராத்திரி லித்தியம் மாத்திரை. நேரத்துக்குத் தூக்கம். வாரம் ஒரு நாள் பேச்சு சிகிச்சை, அதுக்கு நீங்களும் வரணும். அப்பப்போ ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்."

"பேசுறதுகூட ஒரு வைத்தியமா?" என்று வெளியே வந்ததும் அக்கா பொருமினாள். "நான் பேசாத பேச்சா?"

"அதான்க்கா, நீ பேசாம இருக்கிறதுக்குத்தான் அந்த வைத்தியம்" என்றான் தம்பி. ரொம்ப நாளைக்குப் பிறகு சொன்ன ஜோக். அவள் சிரிக்கவில்லை. ஜோக் அடிக்கிறானே, மறுபடி மேலே ஏறுகிறானோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். பாவம், அவன் பல்லை மூடிக்கொண்டான்.

இரண்டு மாதம் ஓடியது. தம்பி தேறி வந்தான். ராத்திரி பத்துக்குப் படுத்தான், காலை ஆறுக்கு எழுந்தான். பேச்சு சிகிச்சை கொடுத்த இளைஞரிடம் வாராவாரம் போய் வந்தான். அந்த இளைஞர், மனம் மேலே ஏறப்போவதற்கு முன் தெரியும் அடையாளங்களை எழுதி வரச் சொல்லியிருந்தார். தம்பி மூன்று எழுதினான்: தூக்கம் குறையும், பேச்சு கூடும், தேவையில்லாமல் பெயிண்ட் வாங்குவேன். அக்கா நாற்பத்தொன்று எழுதிக்கொண்டு போனாள். பாட்டு முணுமுணுப்பது பதினாறாவது. தலை சீவிக்கொள்வது இருபத்தெட்டாவது. "அம்மா, இப்படிப் பாத்தா எனக்கே பைபோலார்தான்" என்று அந்த இளைஞர் சிரித்தார். சிரிப்பவனிடம் என்ன வைத்தியம் இருக்கப்போகிறது என்று அவரையும் நம்பாதவர் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் அவளைக் குடைந்த பெரிய சந்தேகம் வேறு. தம்பி மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறானா? அட்டையில் மாத்திரை குறைகிறது, சரி. குறைந்தது வயிற்றுக்குள் போனதா, ஜன்னல் வழியாகப் போனதா? கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே தேடினாள். அவன் தலையணை உறையைத் திருப்பி உதறினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவளுக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. கேட்டுவிட வேண்டியதுதானே? கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

இதற்கிடையில் தம்பியின் பழைய மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார். புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் அடிக்கும் வேலை, அடுத்த திங்கள்கிழமை ஆரம்பம். "வேலைக்குத் தகுதியா இருக்கான்னு டாக்டர் ஒரு லெட்டர் குடுக்கட்டும், சேத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். தம்பி தன் பிரஷ்களை எடுத்துக் கழுவிக் காயவைத்தான். டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கடிதம் தருவதாகச் சொன்னார்.

பரிசோதனை என்றதும் அக்கா கணக்குப் போட ஆரம்பித்தாள். ரத்தத்தில் மருந்தே இல்லையென்று வந்தால்? கடிதம் போச்சு, வேலை போச்சு, பையன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். செக்கர் மூளை வேலை செய்தது. சரக்கு பரிசோதனைக்குப் போவதற்கு முன் குறையைச் சரிசெய்து அனுப்புவதுதானே முறை? அன்று காலை அவன் குளிக்கப் போன நேரத்தில், அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து நுணுக்கி, டீயில் போட்டுக் கலக்கிவிட்டாள். கேளுங்கள் இந்த அக்கிரமத்தை!

"என்னக்கா டீ ஒரு மாதிரி இருக்கு?"

"பால் சரியில்லடா. குடி, நேரமாச்சு."

அக்கா கொடுத்தது என்று கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

மதியம் முடிவு வந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. "மருந்து ரொம்பக் கூடுதலா இருக்கே. கை நடுங்குதா? வாந்தி, தலைசுத்தல்?" இல்லை என்றான். "காலையில மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா?" இல்லை என்றான். அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு மாத்திரை குறைந்தது. டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மறைக்காம சொல்லுங்க. வாழ்க்கை வேண்டாம்னு ஏதாவது தோணுச்சா? அதுக்காகக் கூடப் போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்!" என்று தம்பி பதறினான். "ராத்திரி ஒண்ணுதான் போட்டேன். அக்கா, நீயாவது சொல்லேன். நான் பொய் சொல்றேனா?"

களவு செய்தவள் அக்கா, கூண்டில் நிற்பவன் அவன். வெறும் இரண்டு மாத்திரைக்கு இவ்வளவு கூடுதல் வராது; அப்படியானால் இத்தனை நாளும் அவன் ஒழுங்காகத்தான் விழுங்கியிருக்கிறான். டாக்டரம்மா அவனைப் படுக்கையில் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். தம்பி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவேளை நான்தான் தெரியாமல் போட்டுவிட்டேனோ என்று அவன் தன்னையே சந்தேகப்படத் தொடங்கியது அந்த முகத்தில் தெரிந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தான்" என்றாள். "நான்தான் டீயில கலந்தேன். ரெண்டு. ரிப்போர்ட் நல்லா வரணும்னு."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். கோபத்தை அடக்கியது குரலில் தெரிந்தது. "ராத்திரி மாத்திரை போட்டு, பன்னெண்டு மணி நேரம் கழிச்சு, அடுத்ததைப் போடாம ரத்தம் எடுத்தாத்தான் அளவு சரியாத் தெரியும். அதைவிடுங்க. இந்த மருந்துல சரியான அளவுக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மிம்மா. அவருக்குத் தெரியாம அவருக்குள்ள எதையும் போடாதீங்க." சாயங்காலம் வரை தம்பியை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மறுபரிசோதனை என்று அனுப்பினார். கடிதம் அதற்குப் பிறகுதான். திங்கள்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை இருந்தது, அந்த மட்டுக்கும் தப்பித்தார்கள்.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து தன் டீயைத் தானே போட்டுக்கொண்டான், தன் தண்ணீரைத் தானே பிடித்துக்கொண்டான். அவள் தட்டில் எதை வைத்தாலும் ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தான். ஒரே வீட்டில் இப்போது இரண்டு பூதக்கண்ணாடி. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அட்டையை எண்ணக் கை பரபரத்தது. எண்ணவில்லை.

வியாழக்கிழமை பேச்சு சிகிச்சைக்கு இருவரும் போனார்கள். அந்த இளைஞர் இந்த முறை சிரிக்கவில்லை. "சந்தேகம் வர்றது தப்பில்லம்மா, நீங்க பயந்திருக்கீங்க. ஆனா ரெண்டு மாசமா அவரைத் தவிர எல்லா இடத்துலயும் தேடியிருக்கீங்க. அவர்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் எடுக்கும் அறைக்கு முன் ஆறு பேர் இருந்தார்கள். அக்கா முந்தானை நுனியைத் திருகித் திருகிக் கசக்கினாள். கடைசியில், முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாத்திரை ஒழுங்காப் போட்டியாடா?"

"இல்லக்கா. மூணு நாளாப் போடல."

பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவளுக்குள் துள்ளியது. வாயை இறுக மூடிக்கொண்டாள். அவன் தரையைப் பார்த்துப் பேசினான்.

"பயமா இருந்துச்சு. நானும் போட்டு, நீயும் எதுலயாவது கலந்திருந்தா? எது எவ்வளவு உள்ள போகுதுன்னே தெரியல. அதான் விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் விட்டதில்லக்கா. ஒரு நாள்கூட இல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல..."

"நீ கேக்கவே இல்லையே. இப்பக் கேட்டே, சொல்லிட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு பேர் பார்க்க அழுதாள். எந்தத் தப்பைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டினாளோ, அந்தத் தப்பை அவளே உண்டாக்கி வைத்திருந்தாள். "தப்புப் பண்ணிட்டேன்டா. இனிமே எதுலயும் எதையும் கலக்க மாட்டேன்" என்றாள். அவன் நம்பியதாகவும் சொல்லவில்லை, நம்பாததாகவும் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

"இப்போ ரத்தம் குடுத்தா கம்மியாத்தான் வரும்" என்றான். "டாக்டரம்மா தெரியாம டோஸை ஏத்திடுவாங்க. முதல்ல அவங்ககிட்ட சொல்லணும்."

"திங்கக்கிழமை வேலைடா? லெட்டர்?"

"மேஸ்திரிகிட்டயும் சொல்றேன். காத்திருந்தா காத்திருக்கட்டும்."

அவள் எழுந்தாள். அவன் கையமர்த்தினான்.

"நீ உக்காருக்கா. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

டாக்டரம்மாவின் அறைக்குள் அவன் போனான். கதவு முழுக்கச் சாத்தவில்லை, ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே அவன் பேசுவது கேட்டது, என்ன பேசுகிறான் என்று பிடிபடவில்லை. இரண்டடி நகர்ந்தால் எல்லாம் கேட்கும். அக்கா நகர்ந்தாள். போய், கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.