ஒத்தக்கொம்பனுக்கு ஒரு வார்த்தை

ஊசி போட்டுக்கொள்ளவே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவளுக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்: பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் தெறிக்கும் ஜப்பானிய மங்காவைத் தமிழாக்குவது! "விரல்ல கத்தி பட்டாலே மயங்கி விழுற. நீ பேய் வேட்டைய எழுதுறியா?" என்று வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை.

அந்தப் படக்கதையில் வாள்வீச்சு ஒன்பது வகை. ஒவ்வொன்றுக்கும் ஜப்பானிய மொழியில் தனிப்பெயர். அகராதியோ எல்லாவற்றுக்கும் 'வெட்டு' என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. நம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. 'கிடைமட்டச் சேதனம்' என்று ஒன்றைச் செய்து அனுப்பினாள். "வாசகன் பயப்படணும்மா, பரீட்சைக்குப் படிக்கக் கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார் பதிப்பாசிரியர்.

வேறு வழி? தெருமுனைக் கறிக்கடைக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு படத்தை நீட்டினாள். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "இது சீவுறது. இது கொத்து. இவன் அடிவயித்துலருந்து மேல வகுந்துட்டான், கெட்டிக்காரன்!" அவள் சுவரைப் பிடித்தபடி எழுதிக்கொண்டாள்.

அதிலிருந்து அந்தக் கடைதான் அவளுக்கு அகராதி. ஒவ்வொரு பாகம் வந்ததும் முதல் பிரதி அவருக்கு. வரி விடாமல் படிப்பார். பிசாசுக் கூட்டத்தை விட்டு ஓடிவந்து, நாயகனின் மூட்டையைச் சுமந்து நடக்கும் ஒற்றைக் கொம்பு அரக்கன் ஒருவன் அதில் உண்டு. அவனுக்கு அவள் 'ஏகசிருங்கன்' என்று வைத்திருந்தாள்.

"யாருக்கா இவரு, மந்திரியா? ஒத்தக்கொம்பன்னு கூப்பிடுங்க, ஓடி வருவான்" என்றார். அன்று முதல் அவன் அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. "நம்ம பய எப்படி இருக்கான்?" என்றுதான் அவளிடம் நலம் விசாரிப்பார்.

பதினோராம் பாகத்தில் நம்ம பய சாகிறான்.

பத்து நாள் அவள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? பதிப்பாசிரியர் நெருக்கியதும் போனாள்.

"அண்ணே, கழுத்துல ஒரே வெட்டா விழுந்தா, அதுக்கு என்ன பேரு?"

கத்தி நின்றது. "யாருக்கு?"

"சும்மா... பொதுவா கேட்டேன்."

பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டுமே! முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். "பேரு இருக்கு. தரமாட்டேன்க்கா. அது ஆட்டுக்குச் சொல்றது. நான் பேரு வச்ச பையனுக்குமா அதைச் சொல்வாங்க?"

வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அந்தப் படத்தை முதல்முறையாகக் கண்ணைத் திறந்து முழுசாகப் பார்த்தாள். பிறகு, 'ஒத்தக்கொம்பன் தலை சாய்ந்தான்' என்று எழுதி அனுப்பினாள்.

"வீச்சோட பேரு எங்கம்மா?" என்று பதிப்பாசிரியர் போனில் கேட்டார்.

"தமிழ்ல அதுக்கு வார்த்தையே கிடையாது சார்." இந்தத் தடவை பொய் பிசிறில்லாமல் வந்தது.

புத்தகம் வந்த அன்று, கறிக்கடையில் ஆட்கள் வரிசையில் காத்திருக்க, கடைக்காரர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகக் கத்தி பிடித்த மனுஷன், ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிறவளிடம் கேட்டார்: "வலிச்சிருக்காதுல்லக்கா?"

"கண்ணத் தொறந்து பாத்தேண்ணே," என்றாள். "வலிக்கல."