பயணம் சொன்ன வீடுகள்

எங்கள் ஊரில் உம்ராவுக்குப் போகிறவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிடுவார். சலாம் கொடுத்துக் கட்டித் தழுவி, "அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் "பொருந்திக்கிட்டேன்" என்பார். குடிக்க ஏதாவது தருவார். கஃபாவைக் கண்டதும் எனக்கும் துஆ கேளுங்க என்பார். யாருடனாவது மனஸ்தாபம் இருந்தால் அந்த வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும்.

கொரோனா ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரம் அது. சவூதி கதவைக் கொஞ்சமாகத் திறந்திருந்தது. உம்ராவுக்குக் கிளம்பிய நானும் மனைவியும் போட்டிருந்த ஊசியை அவர்கள் ஏற்கவில்லை. அதன் மேல் அவர்கள் ஏற்கும் ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டோம். போனில் அவர்களுடைய செயலி, தனிக் காப்புறுதி, போய் இறங்கினால் சில நாட்கள் அறையை விட்டு வெளியே வரமாட்டோம் என்ற உறுதிமொழி. கடைசியாக, விமானம் ஏறுவதற்கு முன் பிசிஆர் பரிசோதனை. கற்பிட்டியில் வலையும் எஞ்சின் சாமானும் விற்கும் எனக்கு இதெல்லாம் தலைகால் புரியாத விஷயம். ஆனாலும் ஒவ்வொன்றாக முடித்தபோது ஏதோ நானே சவூதி அரசாங்கத்தை வென்றுவிட்ட மாதிரி கடையில் உட்கார்ந்து கதை அளந்தேன்.

மகள் மட்டும் சொன்னாள்: "வாப்பா, இந்த முறை பயணத்தை போன்ல சொல்லுங்க. டெஸ்ட் முடியும் மட்டும் ஒருத்தரையும் தொட வேணாம்."

"போன்ல மன்னிப்புக் கேக்கிறதா? பேக்கரிக்குப் பாண் ஓடர் பண்றேன்னு நெனச்சியா?" என்று அவள் வாயை அடைத்தேன். மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் கொஞ்சம் வீறாப்பு ஏறியது.

மூன்று நாள் நடந்தோம். தெருத் தெருவாக, ஒரு வீட்டையும் விடவில்லை. இரண்டாம் நாள் தொண்டை கரகரத்தது. போகிற வீடெல்லாம் ஐஸ் போட்ட சர்பத் தந்தால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியாக வைத்திருந்தது பக்கத்து வீடு. எங்கள் மதிலோடு ஒட்டித்தான் அந்த வீட்டுக்காரர் கருவாடு காயவைப்பார். நாற்றம் தாங்காமல் சுகாதாரப் பரிசோதகருக்கு நான் மூன்று தடவை போன் எடுத்திருக்கிறேன். மூன்று தடவையும் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, கருவாடு காயும் பரணைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

நான் போனபோது அவர் வீட்டில் பந்தல் போட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை பக்கத்து ஊரான பள்ளிவாசல்துறைப் பிள்ளை, கட்டாரில் வேலை. அவனுக்கும் அங்கே திரும்பிப் போக அனுமதி, ஹோட்டலில் தனிமைப்படுத்தல் என்று எல்லாம் திகதி குறித்து எடுத்தாகிவிட்டது. அந்தத் திகதியைத் தவறவிட்டால் வேலை போய்விடும். நிக்காஹ் முடிந்த கையோடு பறக்க வேண்டும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கருவாட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "பொருந்திக்கிட்டேன் நானா. நீங்களும் பொருந்திக்கொள்ளுங்க. மகளுக்கு அங்க ஒரு துஆ கேளுங்க" என்றார். எங்கள் ஊரில் நானா என்றால் அண்ணன். கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டேன்.

மறுநாள் காலை புத்தளத்தில் பிசிஆருக்கு மூக்கைக் கொடுத்துவிட்டு வந்தோம். அதற்கு அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வான் வாசலில் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. ஊரே கூடியிருந்தது. நான் வெள்ளை ஜுப்பாவும் புதுத் தொப்பியுமாக நின்றேன். மௌலவி துஆ ஓதிக்கொண்டிருக்கையில் என் சட்டைப் பையில் போன் அடித்தது. பயண முகவர்.

"ஹாஜியார், நீங்க வர வேணாம். ரெண்டு பேருக்கும் பொசிட்டிவ்."

"எனக்கொரு தும்மல் கூட இல்ல. சரியாப் பாருங்க" என்று கத்தினேன். கத்தியது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மௌலவி ஏந்திய கையோடு நிறுத்தினார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது, பிறகு இன்னோரடி. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். முந்தின நாட்களில் நான் தழுவிய தோள்கள் எல்லாம் அங்கே நின்றன.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் முன்னால் வந்தார். வானில் ஏறி என் பெட்டியை இறக்கக் கை வைத்தார். "வேணாம், தொடாதீங்க" என்று என் மகள் அழுதுகொண்டே கத்தினாள். அவர் விளங்காமல் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுகாதாரப் பரிசோதகர் அன்றே வந்தார். அதே ஆள், அதே மோட்டார் சைக்கிள். கேட்டுக்கு வெளியே நின்று, "யார் யார் வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டார்.

"போகாத வீட்டக் கேளுங்க சேர், அது லேசு" என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவை அடைத்தார்கள். படகுகள் கரையில் கிடந்தன. எனக்கும் மனைவிக்கும் இரண்டு நாள் காய்ச்சலோடு விட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொசிட்டிவ் வந்தது, அவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. இந்த வீட்டுக்குள் கால் வைத்து அவனுக்கும் தொற்றினால் கட்டார் அவனை உள்ளே விடாது. நாட்டுக்குள் நுழைய என்னென்ன கேட்பார்கள் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிவாசல்துறையில் இருந்த தன் மச்சானுக்கு போனில் பொறுப்புக் கொடுத்தார். மகளின் நிக்காஹை அவருக்குப் பதிலாக மச்சானே அங்குள்ள பள்ளிவாசலில் நடத்தி வைப்பார். பெண் இங்கே அறைக்குள் இருப்பாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்குப் பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் போன் சத்தமாகக் கேட்டது. நான் மதிலோரம் போய் நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம். நிக்காஹ் குத்பா ஓதினார்கள். "கையப் பிடிங்க" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. மகளைக் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் கையை வாப்பாதான் பிடிக்க வேண்டும். அவர் கை இந்தப் பக்கம் சும்மா இருந்தது. பிறகு எல்லோரும் "பாரகல்லாஹ்" சொல்லி வாழ்த்தினார்கள். போனை நிறுத்திவிட்டார். பந்தல் இல்லாத முற்றத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மதிலில் சாய்ந்திருந்த எனக்கு, நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பறந்துவிட்டான். பெண்ணை அவன் போனில்தான் பார்த்தான்.

தெரு திறந்த பிறகும் நான் பல நாள் வெளியே தலை காட்டவில்லை. கடையில் மகன் இருந்தான். பள்ளிக்குக் கூடக் கடைசி ஆளாகப் போய் முதல் ஆளாக வந்தேன். "உம்ரா எப்பிடி?" என்று ஒருவன் பகிடி கேட்டான். முன்பென்றால் அவனை விளாசியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

ஒரு நாள் காலை பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் பரணில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பரணை மதிலிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டிருந்தார். நான் கேட்டிருந்ததைவிடவும் தூரம்.

"நான் செஞ்சதுக்குப் பொருந்திக்கொள்ளணும்" என்றேன்.

"அண்டைக்கே பொருந்திட்டேனே நானா. அறிஞ்சதும் அறியாததும் எண்டுதானே கேட்டீங்க" என்றார். கோபம் இல்லை. கேலியும் இல்லை. கட்டித் தழுவவும் இல்லை.

போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அவர் இன்னொரு மீனைப் புரட்டிப் போட்டார். பிறகு, ஏதோ மறந்துபோன சின்ன விஷயத்தைச் சொல்வதுபோல, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நீங்க போன்ல கேட்டிருந்தாலும் பொருந்தியிருப்பேன் நானா."