செக்கில் வைத்த மஞ்சள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் பேனாவைப் பிடித்து எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதப்போவதும் பெருமையான விஷயம் இல்லை. என் ஓரகத்தியின் மேல் எனக்கு இருந்த பொறாமையைப் பற்றி.

என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி அவள். எனக்குப் பத்து வருஷம் பின்னால் இந்த வீட்டுக்கு வந்தாள். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். பூப் பறிப்பதில் என் கைவேகத்துக்கு அவள் பாதிகூட வரமாட்டாள். ஆனால் வங்கி என்று வந்துவிட்டால் வீடே அவள் பக்கம் திரும்பிவிடும். எல்லாருடைய பாஸ்புக்கும் அவள் பீரோவில். என் ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் எனக்கு மறந்துபோகும், அவளுக்கு மறக்காது. மிஷின் முன்னால் அவள் நிற்பாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போனில் வங்கி மெசேஜ் வந்தால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிற என்னைத் தாண்டிப் போய், "ஏத்தா, இது என்னான்னு செத்த பாரு" என்று அவளிடம் நீட்டுவார். அந்தக் குரலில் என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

தெருப் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பதை அடுப்படியிலிருந்து ஒட்டுக்கேட்டுத்தான் நானும் கற்றேன். செக்கின் மூலையில் இரண்டு கோடு போட்டிருந்தால் கையில் பணமாகத் தரமாட்டார்கள், கணக்கில்தான் போடுவார்கள். சலானில் கணக்கு நம்பரைக் கட்டத்துக்கு ஒன்றாக எழுத வேண்டும். கேட்டதை மனதில் வைத்திருந்தேன், காட்டிக்கொள்ளவில்லை.

சித்திரையில் சந்தையில் பூ விலை விழுந்ததும், வாசனைத் தைலம் எடுக்கிற செண்டு கம்பெனிக்குப் பூப் போட்டோம். தோட்டம் என் பேரில் இருப்பதால் செக்கும் என் பேரில் வந்தது. என் பேருக்கு வந்த முதல் செக்.

"இத நானே போட்டுட்டு வாரேன்" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "நீயா? பேங்குக்குள்ள போயி வாயத் தொறப்பியா?"

"நானும் கூட வாரேன்க்கா" என்றாள் ஓரகத்தி.

"வேணாம்."

சொன்ன வேகத்தில் அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இனித்தது. இந்த ஒரு வேலையை அவள் இல்லாமல் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

எங்கள் வீட்டில் புதுத்துணி, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுப்போம். அந்தச் செக்குக்கும் மஞ்சள் குழைத்து வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

வங்கியில் கவுண்டரில் இருந்த பெண் செக்கைத் தூக்கிப் பார்த்தாள். "என்னம்மா இது, பத்திரிகை மாதிரி?"

எனக்குப் பின்னால் நின்றவர், "எந்த மண்டபம்னு கேளுங்க மேடம்" என்றார். வரிசையே சிரித்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அடியில இருக்குற இந்த நம்பர் வரிசைய மிஷின்தான் படிக்கணும். மஞ்சள் அதுமேல ஏறிருச்சு. குடுத்தவங்ககிட்ட வேற செக் வாங்கிட்டு வாங்க" என்று செக்கையும் சலானையும் சேர்த்துத் திருப்பித் தந்தாள். சலானில் ஒரு தப்புகூட இல்லை. அதை அவள் பார்க்கவே இல்லை.

நான் வீட்டுக்கு வந்து பையோடு உட்கார்ந்திருந்தபோது, சாயங்காலம் வெளியிலிருந்து வந்த வீட்டுக்காரர் கேட்டார். "போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"சீல் போட்ட துண்டு எங்க?"

பையை இறுக்கிப் பிடித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓரகத்தி என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா எங்கிட்ட குடுத்துருச்சு மாமா, பீரோல வச்சிருக்கேன்" என்றாள். "பணம் ஏற ரெண்டு நாள் ஆகும்."

அவர் தலையாட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவளை நான் வேண்டாம் என்று ஒதுக்கியது காலையில். அவள் எனக்காகப் பொய் சொன்னது சாயங்காலம். நன்றிதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. பாஸ்புக்கு போதாதென்று என் மானத்தையும் இப்போது அவள்தான் பூட்டி வைத்திருக்கிறாள். பொய்யைக்கூட அவள் எவ்வளவு பதறாமல் சொன்னாள். எனக்கு அதுவும் வரவில்லை.

"கொண்டாங்கக்கா, பாப்போம்" என்று கையை நீட்டினாள். செக்கைக் கொடுத்தேன். அவள் சிரித்திருந்தால்கூடத் திட்டியிருப்பேன். சிரிக்கவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் கம்பெனிக்குப் போனோம். பழையதை வாங்கிக்கொண்டு வேறு செக் எழுதித் தந்தார்கள். வங்கியில் அவளே சலான் எழுதிப் போட்டாள்.