அண்ணியின் பிடி அரிசி

என் சமையல் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கிறது. ஒட்டியிருந்த படம் எப்போதோ உரிந்துபோய் இப்போது வெறும் தகரம்தான். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அது என் அண்ணியுடையது. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைச் சபைக்கென்று தனியே எடுத்துப் போட்டு வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு, கோயிலில் பீடத்துக்கு முன்னால் விரித்திருக்கும் சாக்கில் அவரவர் டப்பாவைக் கவிழ்ப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சை, புழுங்கல் எல்லாம் கலந்து கிடக்கும். சோறாக்கினால் பாதி குழையும், பாதி விறைத்து நிற்கும். அதனால் ஏலம் எடுப்பவர்கள் இட்லிக்கு ஊறப்போடுவார்கள், இல்லையென்றால் கோழிக்கு இறைப்பார்கள். இது தெரிந்தும் அண்ணி அந்தப் பிடியை எங்கள் ரேஷன் அரிசியிலிருந்து எடுக்கமாட்டார். அதற்கென்று கடையில் நல்ல பொன்னி வாங்கி வைத்திருப்பார்.

“கோழி திங்கப்போற அரிசிக்கு இது எதுக்கு அண்ணி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கோழி இன்னா திங்குதுன்னு கோழிக்குத் தெரியும். நான் இன்னா குடுக்கறேன்னு எனக்குத் தெரியும். நீ போய் ஊசில நூல கோரு” என்றார்.

நான் கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்து ஆம்பூருக்கு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். அண்ணன் டேனரியில் தோல் அலசும் வேலை பார்த்தார். நெஞ்சு கெட்டு இருமி இருமியே அவரும் போய்விட்டார். அதன்பிறகு நாங்கள் இரண்டு பெண்கள்தான். ஏஜென்ட் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்து போடும் ஷூவின் மேல்தோலை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்போம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எங்களுக்குக் கம்பெனி முகம் தெரியாது, கம்பெனிக்கு எங்கள் பேர் தெரியாது. ஏஜென்ட் கூலியைக் குறைத்தால் தெருப் பெண்கள் எல்லோரும் அவனோடு மல்லுக்கு நிற்பார்கள். அண்ணி மட்டும் சிரித்துக்கொண்டே அடுத்த ஜோடியை எடுப்பார். “வெள்ளக்காரன் காலுக்கு ஷூ தெச்சிக் குடுக்கறோம். நமக்கு இருக்கறது ரெண்டே காலு, அதுக்கு ஒரு ஹவாய் செருப்பு இருக்குது. ஜாஸ்தி செருப்பு வாங்கி எங்க மாட்டிக்கறது, காதுலயா?” என்பார். எதிர்வீட்டு பாய் வீட்டம்மா தலையில் அடித்துக்கொள்வார். “உங்க அண்ணிக்கு மட்டும் எப்பிடிம்மா பேஜாரே வரமாட்டேங்குது?” என்று என்னைக் கேட்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். அண்ணியின் அந்தப் ‘போதும்’ ஏஜென்டுக்கு எவ்வளவு தோதாக இருந்தது என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை மதியம் நடக்கும் பெண்கள் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்த வாரம் கர்த்தர் தங்களை எப்படி நடத்தினார் என்று சொல்வது. என் முறை நெருங்க நெருங்க உள்ளங்கை வேர்க்கும். அண்ணி எழுந்து, “எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, ஸ்தோத்திரம். இதோ இவளுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன். இவ வாயி வீட்ல மாட்டியிருக்குது, எடுத்துனு வர மறந்துட்டா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன். இருபது வருஷம் எனக்காக அவரே பேசினார்.

அண்ணியின் மார்பில் கட்டி இருப்பது நான் அவருக்கு முதுகு தேய்க்கும்போதுதான் தெரிந்தது. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அழுத்தினால் வலிக்கவில்லை என்றார். வலிக்காததால் பயமில்லை என்றார். வேலூருக்குப் போய்க் காட்டலாம் என்று நான் கெஞ்சினேன். காப்பீட்டு அட்டை எல்லாம் எங்களுக்கு வராத காலம் அது. போனால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். இந்த வீட்டை விற்றாலும் பத்தாது. “ஆண்டவர் எதுவரைக்கும் குடுத்தாரோ அதுவரைக்கும் போதும்” என்று சொல்லி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, கூட்டத்தில் சாட்சி முடிந்ததும் போதகரம்மா எழுந்து நின்றார். சபையில் ஒருவருக்கு வைத்தியச் செலவு முழுக்க ஏற்றுக்கொள்வதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது என்றார். “தேவை இருக்கறவங்க சொல்லுங்கம்மா. சொல்றதுக்குக் கூச்சமா இருந்தா, பக்கத்துல இருக்கறவங்க சொல்லுங்க.”

அதற்குச் சற்று முன்னால்தான் அண்ணி எழுந்து, தனக்கு ஒரு குறையும் இல்லை என்று வழக்கம்போலச் சொல்லி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து உண்மையைச் சொன்னால், இத்தனை பேர் முன்னால், கடவுள் முன்னால், அவர் பொய் சொன்னதாக ஆகிவிடும். அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நூல் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். இறுக்கிப் பிடித்தார். எழுந்திருக்காதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது. போதகரம்மா மூன்று தடவை கேட்டார். பிறகு முன்வரிசையில் ஒருவர் தன் அக்காவின் இடுப்பு ஆபரேஷனைச் சொன்னார். பேரை எழுதிக்கொண்டார்கள். அண்ணியின் கை என் மணிக்கட்டிலிருந்து நழுவிப் போனது. வீடு வரும்வரை அவர் ஒரு கேலிகூடப் பேசவில்லை.

கட்டி உடைந்து புண்ணான பிறகுதான் வேலூருக்குப் போனோம். டாக்டரம்மா என்னை வெளியே அழைத்து, “ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா” என்றார். கணக்குப் பார்த்தால் அது அந்தச் சனிக்கிழமைதான். திரும்பி வந்தோம். படுக்கையில் கிடந்த நாட்களிலும், பார்க்க வந்த சபைப் பெண்களிடம் அண்ணி ஒரு குறையும் இல்லை என்றே சொன்னார். அவர்கள் வெளியே போய், எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

போவதற்கு நாலு நாள் முன்பு ஒரு மத்தியானம் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. களைப்பான ஆள் பஸ் போய்விட்டதா என்று கேட்பதுபோல இருந்தது.

“அன்னிக்கு நீயாவது சொல்வேன்னு பாத்தேம்மே.”

“நீங்கதானே அண்ணி என் கையப் புடிச்சீங்க?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு என்னிடம் தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார். வேறொன்றும் பேசவில்லை.

போதும் என்று இருப்பது ஆண்டவர் சிலருக்குக் கொடுக்கும் வரம் என்று நினைத்திருந்தேன். அண்ணிக்கு அந்த வரம் நிஜமாகவே இருந்தது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதில் எவ்வளவு வரம், எவ்வளவு வெட்கம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே இருந்த நானும் பார்க்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அதற்குமேல் யாருக்கு என்ன தெரியும்?

இப்போது கோயிலில் சாக்கு விரிப்பதில்லை. வாசலிலேயே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள், எல்லோரும் போனைக் காட்டிக் காணிக்கை போடுகிறார்கள். எனக்கு விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிர மறுக்கின்றன. தையல் போய் மூன்று வருஷமாகிறது. முதியோர் பணத்திலும் ரேஷன் அரிசியிலும் நாள் போகிறது. அது தீரப்போகிற மாதக் கடைசி வாரம் கஞ்சிதான். போன சனிக்கிழமை புதிதாக வந்திருக்கும் போதகரம்மா, சின்னப் பெண், என் பக்கத்தில் வந்து குனிந்து, “ஆயா, உங்களுக்கு எதாவது தேவை இருந்தா சொல்லுங்க” என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளங்கை வேர்த்தது.

“ஒரு குறையும் இல்லம்மா, ஸ்தோத்திரம்” என்றேன். எனக்காக நானே பேசியது அவ்வளவுதான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

பழக்கம் விடவில்லை. இன்னும் ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவில் போடுகிறேன், ரேஷன் அரிசிதான். நிறைந்தால் கொட்டுவதற்கு எங்கேயும் இடமில்லை. நேற்று மூடியைத் திறந்தால் ஒரே வண்டு. முறத்தில் போட்டுப் புடைத்தேன், அதிலும் பாதி மாவாக உதிர்ந்தது. மிச்சத்தைக் களைந்து உலையில் போட்டுச் சாப்பிட்டேன். இன்று காலை காலி டப்பாவில் மறுபடி ஒரு பிடி போட்டேன். தகரத்தில் விழுந்த சத்தம் அண்ணி இருந்த காலத்தில் கேட்ட அதே சத்தம்தான். கையைத் துடைத்துக்கொண்டு மூடியை அழுத்தி வைத்தேன்.