சுருளியாண்டியின் வால்வுப் பெட்டி

சின்னமனூர் வட்டாரத்தில் எந்தத் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும், மேடையின் ஓரத்தில் கிதாரோடு சுருளியாண்டி நிற்பான். பகலில் வாழைத்தோப்பு, பொழுது சாய்ந்தால் மேடை. மீசை அரும்பிய வயதில் பிடித்த பித்து, தலை நரைத்தும் விடவில்லை.

மேகமலை எஸ்டேட்டின் கிளப்பை மூடியபோது, அங்கே தூசி படிந்து கிடந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கி, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில் வைத்து இறக்கி வந்தான். உள்ளே பல்பு போலிருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்த பிறகுதான் அதில் சத்தமே வரும்.

"இதுல வாசிச்சாத்தேன் தந்தி பேசுது புள்ள" என்பான் மனைவி அனுசுயாவிடம்.

2008இல் ஒருநாள் அந்தப் பெட்டி உறுமத் தொடங்கியது. யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் வீட்டிலேயே பிரித்துப் போட்டான். தேனிக்குப் போய்க் கண்டென்சர்கள் வாங்கி வந்தான். சுவிட்சை அணைத்தாலும் அவற்றில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆளையே தூக்கியெறியும் என்று மகள் சினேகாவைக் கிட்டவே விடவில்லை. அனுசுயாதான் டார்ச் பிடித்தாள். பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை ஈயத்தால் பற்றவைத்ததும் உறுமல் அடங்கிவிட்டது.

"நின்னுருச்சுங்க!" என்றாள்.

அவன் முகம் தெளியவில்லை. "உறுமல் போச்சு. ஆனா கீன்னு ஒண்ணு இரையுதே, சில்வண்டு மாதிரி. ஒனக்குக் கேக்கல?"

ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. வாத்தியக்காரன் காது, நமக்குக் கேட்காததெல்லாம் அதற்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் வால்வுகளை மாற்றினான். வயர்களை மாற்றினான். டிரான்ஸ்பார்மரையும் மாற்றினான். பெட்டியை அணைத்த பிறகும் இரைகிறது என்றான். கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கிறது, அதனால்தான் என்று காரணமும் சொன்னான். அனுசுயாவுக்கு உள்ளூர ஏதோ உறுத்தியது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. "டிவி சத்தத்தக் கொறைங்கப்பா" என்று சினேகா தினமும் சண்டை போட்டாள்.

அந்த வருஷம் மின்வெட்டு இல்லாத நாளே கிடையாது. ஒரு மத்தியானம், மின்சாரம் போய்த் தெருவே அடங்கிக் கிடந்தது. திறந்த பெட்டியின்மேல் குனிந்திருந்தவன் சொன்னான், "இந்தா பாரு, இப்பக்கூட இரையுது."

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சுங்க."

அவன் ஸ்க்ரூடிரைவரால் கண்டென்சரின் முனைகளைத் தொட்டுப் பார்த்தான். பொறி எதுவும் பறக்கவில்லை. அதில் துளி மின்சாரம் மிச்சமில்லை. எழுந்து வாசலுக்குப் போனான். தெருவைத் தாண்டி வாய்க்கால் கரை வரைக்கும் நடந்துபோய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அனுசுயா, இது பொட்டில இல்ல" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கச்சேரிக் குழு நடத்தும் அழகுமலை விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தபோது, அனுசுயாதான் பதில் சொன்னாள். "மதுரையில பெரிய டாக்டர்கிட்டக் காட்டுனோம்ணே. மேடைச் சத்தத்துலயே நின்னு நின்னு காது நரம்பு போயிருச்சு, அந்த இரைச்சலும் அதனாலதேன்னு சொன்னாக. இனிமே திரும்பாதாம். மிச்சமாவது நிக்கணும்னா ஸ்பீக்கர் பக்கமே போகக் கூடாதாம்."

சுருளியாண்டி பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கி, அழகுமலையின் முன்னால் நகர்த்தினான். "கொண்டு போ மாப்ள. இது நல்லாத்தேன் இருக்கு. நாந்தேன் தெரியாமப் பாடாப் படுத்திட்டேன்."

அதன்பின் தோப்பின் அமைதி அவனுக்கு ஆகவில்லை. குத்தகைக்கு விட்டுவிட்டுத் தேனி காய்கறி மார்க்கெட்டில் எடை போடும் வேலைக்குப் போனான். வேலை முடிந்தும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

"வெரசா வந்தா என்னங்க?" என்று ஒருநாள் அனுசுயா கேட்டாள்.

"அங்கன ஏலம் விடுற சத்தம், லாரிச் சத்தம்னு என்னமாச்சும் இருக்கு புள்ள. வீட்டுக்கு வந்தா இது மட்டுந்தேன் இருக்கு" என்று காதைத் தொட்டுக் காட்டினான்.

அன்றிலிருந்து, அவன் வீட்டுக்குள் நுழைகிற நேரத்துக்கு அனுசுயா மின்விசிறியை முழு வேகத்தில் போட்டுவைத்தாள். மார்கழிக் குளிரிலும் அது கடகடவென்று சுற்றியது. சினேகா விசிறியை நிறுத்தாமல் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.